ஏழடி அகலத்தில் ஒரு குடித்தனம்

கேள்வி இதுதான்: இங்கிலாந்து கால்வாய்களில் பூப்போட்ட ஒல்லிப் படகுகள் போகின்றனவே, அவற்றை ஏன் அவ்வளவு ஒல்லியாகக் கட்டினார்கள், அதில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள் என்பது உண்மையா, இன்றைக்கு ஒருவர் அப்படி வாழ முடியுமா?

நான் லண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கும் கிராண்ட் யூனியன் கால்வாயிலும் அதையொட்டிய கால்வாய்களிலுமாக நான்கு வருடம் 57 அடிப் படகில் இருந்தவன். இப்போது கரையேறி, சுவர் வைத்த வீட்டில் இருக்கிறேன். அதனால் ஆசைகாட்டவும் மாட்டேன், பயமுறுத்தவும் மாட்டேன்.

முதலில் பெயர். இதை 'பார்ஜ்' என்று சொல்லிவிடாதீர்கள். கால்வாய்க்காரர்கள் எதிரில் சொன்னால் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள், நான்காவது முறை சிரிக்க மாட்டார்கள். பார்ஜ் என்பது அகலமானது, 14 அடி வரை போகும். நீங்கள் பார்த்தது நேரோபோட். அகலம் ஏழடிக்கும் கொஞ்சம் குறைவு, நீளம் அதிகபட்சம் 70, 72 அடி. ஒரு வகுப்பறையில் பாதி அகலம்கூட இல்லை, ஆனால் ஒரு ரயில் பெட்டி அளவுக்கு நீளம்.

இந்த ஏழடி எங்கிருந்து வந்தது என்றால், லாக்கிலிருந்து. கால்வாய் மேடு ஏற வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் கதவு போட்ட ஒரு கல்தொட்டி கட்டியிருப்பார்கள், அதுதான் லாக். கீழிருந்து படகை உள்ளே விட்டு, பின்கதவைச் சாத்தி, மேல்பக்கத்து மதகைத் திறந்தால் தண்ணீர் நிரம்பி படகு தானாக மேலே வரும். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது, புவியீர்ப்பும் ஒரு இரும்புக் கைப்பிடியும் போதும். பிரச்சினை என்னவென்றால் ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டித் தண்ணீர் பள்ளத்துக்குப் போய்விடும். ஒல்லி லாக்கிலேயே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். அகலமாகக் கட்டியிருந்தால் அதன் இரு மடங்கு, அந்தத் தண்ணீரை மேட்டு உச்சியில் யார் கொண்டுவந்து தருவது?

ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற ஆள் இதற்குப் பொறுப்பு. ஆலைகளுக்கு இயந்திரம் செய்துகொடுத்து வந்தவர், எழுத்து சரியாக வராது, கணக்கையெல்லாம் மனத்துக்குள்ளேயே போட்டுவிடுவார், சிக்கலான விஷயம் என்றால் படுக்கையில் போய்ப் படுத்துக்கொண்டு யோசிப்பாராம். பிரிட்ஜ்வாட்டர் கோமகனின் நிலக்கரியை வர்ஸ்லியிலிருந்து மான்செஸ்டருக்குக் கொண்டுபோன கால்வாய் 1761-ல் திறந்தபோது அதை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். நகரத்தில் நிலக்கரி விலை பாதியாக விழுந்தது. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் கால்வாய் வேண்டும். 1766-ல் பிரிண்ட்லியின் பொறுப்பிலேயே டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாய் வேலை தொடங்கியது. பீங்கான் செய்யும் ஜோசையா வெட்ஜ்வுட் அதற்கு முன்னின்று உழைத்தார், காரணம் எளிது, குண்டும் குழியுமான சாலையில் வண்டியில் போனால் பாதிப் பீங்கான் உடைந்துதான் போய்ச்சேரும். வழியில் ஹேர்காசில் என்ற குன்று. அதைக் குடைய 11 வருடம் ஆனது, பிரிண்ட்லி 1772-லேயே இறந்துவிட்டார், கால்வாய் முழுமையாகத் திறந்தது 1777-ல். இத்தனை நீளச் சுரங்கத்தை அகலமாகக் குடைந்திருந்தால் பணம் போட்டவர்கள் திவாலாகியிருப்பார்கள். ஆக தண்ணீரும் காசும் சேர்ந்து முடிவு செய்த அளவுதான் ஏழடி. அதற்குப் பிறகு இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸில் வெட்டிய கால்வாய்கள் பலவும் இதோடு இணைய வேண்டியிருந்ததால் அதே அளவையே எடுத்துக்கொண்டன. அங்கே ஓட வேண்டிய படகும் அந்த அளவுக்கு மேல் போக முடியாமல் மாட்டிக்கொண்டது.

சரி, குடும்பம் எப்படி உள்ளே வந்தது?

இது பலர் தவறாக நினைக்கும் இடம். ஏதோ நாடோடிக் கூட்டம் காலங்காலமாகப் படகிலேயே திரிந்தது என்று நினைப்பார்கள். ஆரம்பத்தில் அப்படி இல்லை. படகோட்டுகிறவருக்குக் கரையில் வீடு இருக்கும், மனைவி மக்கள் அங்கே இருப்பார்கள், அவரும் கூலிக்கு ஒரு ஆளோ பையனோ சேர்ந்து சரக்கு ஏற்றிப் போய்விட்டு வருவார்கள். ஒரு குதிரை கரையிலிருந்து கயிற்றால் இழுக்கும். சாலையில் அந்தக் குதிரை ஒரு டன், இரண்டு டன் இழுத்தால் பெரிது, தண்ணீரில் 25 டன் சுமந்த படகை நிதானமாக நடந்தபடியே இழுத்துவிடும். நல்ல வருமானம் இருந்த தொழில். அப்புறம் 1830-களிலும் 40-களிலும் ரயில் வந்தது. கால்வாய்க் கம்பெனிகள் போட்டி போடச் சரக்குக் கட்டணத்தைக் குறைத்தன, அந்த வெட்டு கடைசியில் படகோட்டியின் கூலியில் விழுந்தது. கூலி ஆளை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகவில்லை, கரையில் வீட்டு வாடகையும் கட்ட முடியவில்லை. வீட்டைக் காலிசெய்துவிட்டு மனைவியையும் குழந்தைகளையும் படகில் ஏற்றினார்கள். சம்பளமில்லாத வேலையாட்கள், தலைக்கு மேல் கூரை, இரண்டும் ஒரே ஏற்பாட்டில் முடிந்தது.

இன்று பரிசுப்பொருள் கடைகளில் விற்கும், படகுகளில் தீட்டிய அந்த ரோஜா, கோட்டை ஓவியங்களை, வண்ணத் தண்ணீர்க் குடங்களை, பித்தளைப் பளபளப்பை எல்லாம் இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அழகு பொய்யில்லை. ஆனால் அது நெருக்கடியில் பிறந்த குடித்தனத்தின் அழகு.

அந்தக் குடித்தனம் இருந்த இடம் எவ்வளவு தெரியுமா? 70 அடிப் படகில் சுமார் 10 அடிதான். மிச்சம் எல்லாம் சரக்கு, ஏனென்றால் சரக்குதான் சோறு போடும். பின்முனையில் ஒரு சின்ன அறை. கதவைத் திறந்தால் முதல் படியே நிலக்கரிப் பெட்டியின் மேல்பலகை. இறங்கியதும் இடதுபக்கம் இரும்பு அடுப்பு, இடத்தை மாற்றுவதே இல்லை, எந்தப் படகில் ஏறினாலும் இடதுபக்கம்தான். அதை அடுத்து ஒரு அலமாரி, அதன் கதவை முன்பக்கம் இறக்கினால் சாப்பாட்டு மேசை. கதவில் கோட்டை ஓவியம் இருக்கும். வலதுபக்கம் நீள பெஞ்சு, அதில் குழந்தைகள் தூங்கும். கடைசியில் குறுக்கே இன்னொரு அலமாரி, அதன் பலகையை இறக்கினால் படகின் அகலத்துக்குக் கட்டில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும். கொஞ்சம் உயரமான ஆள் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். சுவரில் ஓரம் துளையிட்ட பூத்தட்டுகள் நாடாவில் தொங்கும், லேஸ் திரை, பித்தளைக் குமிழ்கள். ஆஷ்பி கால்வாயில் மெஷம் என்ற ஊரின் பெயராலேயே அறியப்பட்ட பழுப்பு நிறத் தேநீர்க் கூஜா ஒன்று, மூடியின் மேலேயே குட்டிக் கூஜா வைத்தது, பல வீடுகளின் கௌரவச் சின்னம். வீடு என்றா சொன்னேன், சரி, வீடுதான்.

தண்ணீர் கூரைமேல் வைத்த வண்ணக் குடத்திலிருந்து. துவைப்பது லாக் ஓரத்தில். கழிப்பறை ஒரு வாளி, இல்லையென்றால் வேலிப்பக்கம். தவழும் குழந்தையைக் கூரையில் ஒரு வாரிலோ கயிற்றிலோ கட்டி வைப்பார்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் விழும், கட்டினாலும் சிலது விழுந்தது. ஏழெட்டு வயதுப் பிள்ளை குதிரையோடு நடக்கும். குதிரை நின்று சாப்பிட நேரமில்லை, அதனால் மூக்கில் தீவனத் தகரத்தை மாட்டிவிடுவார்கள், நடந்தபடியே மெல்லும். கயிறு பாலங்களின் ஓரத்தில் உரசி உரசிப் பதித்த தடங்கள் இன்றும் இருக்கின்றன, கல்லில் மட்டுமில்லை, கல் தேயாமலிருக்க வைத்த இரும்புத் தகட்டிலும். அந்தத் தடத்துக்குள் என் விரல் முழுதாக இறங்கியது. மழையில் மணல் ஒட்டிய ஈரக்கயிறு ரம்பம் மாதிரி, இருந்தாலும் எத்தனை ஆயிரம் படகு போயிருக்க வேண்டும் யோசித்துப் பாருங்கள்.

சுரங்கத்துக்குள் பல இடங்களில் குதிரைக்கு நடைபாதை கிடையாது. குதிரையை மலைமேல் நடத்திக் கூட்டிப்போவார்கள், படகில் இருவர் பலகைமேல் மல்லாந்து படுத்து, பக்கச் சுவரில் காலை வைத்து நடப்பார்கள். லெக்கிங் என்று பெயர். யார்க்‌ஷயர் பக்கம் ஸ்டான்டெட்ஜ் சுரங்கம், 1811-ல் திறந்தது, ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளம். சுமையோடு போனால் கடக்க மூன்று மணி நேரம், இருட்டில், முதுகில் படுத்து, காலால்.

வெளியுலகத்துக்கு இவர்கள் மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது. அழுக்கு, குடி, படிப்பறிவில்லாதவர்கள் என்று பேச்சு. கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இந்தக் குழந்தைகளுக்காக விடாமல் குரல் கொடுத்து 1877-ல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது, 1884-ல் அதைக் கொஞ்சம் இறுக்கினார்கள். படகைப் பதிவு செய்ய வேண்டும், எத்தனை பேர் தூங்கலாம் என்று கணக்கு, ஆய்வாளர் வந்து பார்ப்பார். ஸ்மித் நல்லெண்ணக்காரர்தான், ஆனால் படகு மக்களைப் பற்றி அவர் தீட்டிய படம் மிகையானது என்று எனக்குத் தோன்றும். பல அறைகள் கரையிலிருந்த குடிசைகளைவிடச் சுத்தமாக இருந்தன என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் மட்டும் எட்டாக்கனியாகவே இருந்தது, ஒரு நாள் இங்கே, மறுநாள் பத்து மைல் தள்ளி, எந்த வாத்தியார் என்ன செய்வார். மருத்துவமும் அப்படித்தான், அதில் ஒரு விதிவிலக்கு ஸ்டோக் புரூர்ன் ஊரில் கால்வாய்க் கரை வீட்டில் இருந்த செவிலியர் மேரி வார்டு. படகு மக்களுக்குப் பிரசவம், காயம், காய்ச்சல் எல்லாம் அவர்தான் பார்த்தார், 1951-ல் அரசுப் பதக்கம் கிடைத்தது.

கூலி நடைக் கணக்கு அல்லது டன் கணக்கு. கால்வாய் உறைந்தால், சரக்குக்கு உத்தரவு வராமல் காத்துக் கிடந்தால், காசில்லை. கவென்ட்ரி பக்கம் ஹாக்ஸ்பரி சந்திப்பில் நிலக்கரிக்காகப் படகுகள் வரிசைகட்டி நிற்கும், அந்தக் காத்திருப்பில்தான் கல்யாணப் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் நடக்கும். சொந்தப் படகு வைத்திருந்தவர்களுக்கு 'நம்பர் ஒன்' என்று பெயர். அது ஒரு தனி கெத்து. ஆனால் காலப்போக்கில் பெரும்பாலோர் கம்பெனிப் படகுக்காரர்களாகிவிட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் எஞ்சின் வந்தது. ஃபெலோஸ் மார்ட்டன் அண்ட் கிளேட்டன் என்ற பெரிய கம்பெனி 1912-லிருந்து பொலிண்டர் எஞ்சின்களைப் பொருத்தத் தொடங்கியது. ஒற்றை சிலிண்டர், தலையை ஊதுவிளக்கால் சூடாக்கினால்தான் கிளம்பும், கிளம்பிவிட்டால் டொக் டொக் என்று ஒரு சத்தம், பழைய படகுக் கண்காட்சிகளில் அதைக் கேட்கவே ஆட்கள் போவார்கள், நானும் போயிருக்கிறேன். எஞ்சின் படகு பின்னால் எஞ்சினில்லாத இன்னொரு படகை இழுக்கும், அதற்குப் பெயர் பட்டி. ஜோடியாக 50 டன் வரை. அப்பா மோட்டாரில், அம்மா பட்டியில் சுக்கான் பிடித்துக்கொண்டு, அதே நேரத்தில் காலருகே அடுப்பில் குழம்பு கொதிக்கும். குடும்பத்துக்கு இரண்டு அறை கிடைத்தது இப்படித்தான்.

இரண்டாம் உலகப்போரில் ஆள் போதாமல் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஓட்டவிட்டார்கள். மூன்று பேர் ஒரு ஜோடிப் படகை லண்டனிலிருந்து பர்மிங்காம் கொண்டுபோய், கவென்ட்ரியில் நிலக்கரி ஏற்றித் திரும்புவது, சுமார் மூன்று வாரம். அவர்கள் சட்டையில் குத்திய சின்னத்தில் உள்நாட்டு நீர்வழி என்பதைக் குறிக்கும் ஐ.டபிள்யூ. என்ற இரண்டு எழுத்து, அதைக் கேலியாக 'ஐடில் விமன்', சோம்பேறிப் பெண்கள் என்று விரித்தார்கள். 50 டன்னை லாக் லாக்காக ஏற்றி இறக்கியவர்களுக்கு வந்த பெயர் அது.

முடிவு வேகமாக வந்தது. 1948-ல் கால்வாய்கள் அரசுடைமை. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய் மாதக்கணக்கில் உறைந்து, படகுகள் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டன, சரக்கு லாரிக்குப் போனது, போனது போனதுதான். நீண்டதூர வழக்கமான சரக்கில் கடைசியாக நின்றது ஆதர்ஸ்டனிலிருந்து லண்டன் சவுத்தால் ஜாம் தொழிற்சாலைக்குப் போன நிலக்கரி, அது 1970 அக்டோபரில் நின்றது. சவுத்தால் என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு சமோசா வாசம்தான் வரும், அங்கே பின்பக்கமாகக் கால்வாய் ஓடுவதைக் கவனித்தவர்கள் குறைவு.

கால்வாய்களை மூடி மண்போட்டு நிரப்பியிருப்பார்கள். 1946-ல் தொடங்கிய உள்நாட்டு நீர்வழிச் சங்கமும், சனி ஞாயிறுகளில் சேற்றில் இறங்கித் தூர்வாரிய தன்னார்வலர்களும் இல்லையென்றால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. 2012-லிருந்து இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பகுதி, சுமார் 2,000 மைல், ஒரு அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. சரக்குக் காலத்தில் ஓடியதைவிட இன்று படகுகள் அதிகம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, வாழ முடியுமா. முடியும், ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். இன்றைய படகு எஃகு, அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கம் 6. சரக்கு இருந்த இடமெல்லாம் இப்போது அறை, அதனால் பழைய குடும்பங்களோடு ஒப்பிட்டால் நாம் அரண்மனையில் இருக்கிறோம். நீளம் 57 அடி வாங்குவது புத்திசாலித்தனம், வடக்கே சில லாக்குகள் குட்டையானவை, அதற்கு மேல் நீளமென்றால் அந்தப் பக்கம் போக முடியாது.

படகைக் கட்டி நிறுத்த நிரந்தர இடம் வாடகைக்கு எடுக்கலாம், லண்டன் பக்கம் அது யானைவிலை, கிடைக்கவும் கிடைக்காது. இல்லாவிட்டால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். 1995 சட்டப்படி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, இரண்டு இடத்துக்கு நடுவில் போய்ப்போய் வருவதும் செல்லாது. நான் இந்த வகைதான். வேலைக்கு ரயில் நிலையம், படகு நிற்கும் இடம், தண்ணீர்க் குழாய், இந்த மூன்றையும் வைத்து ஒவ்வொரு பதினைந்து நாளும் சதுரங்கம் ஆட வேண்டும். நிரந்தர முகவரி இல்லாததால் வங்கியிலும் டாக்டரிடமும் ஒவ்வொரு முறையும் கதை சொல்ல வேண்டும். ஆண்டு உரிமம் ஆயிரம் பவுண்டுக்கு மேல், நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பகுதிக்குத் தார் பூச வேண்டும். மலிவு என்று நினைத்து வராதீர்கள், லண்டன் வாடகையைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

அன்றாடம் என்பது அளவு பார்த்தே போகும். தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர், பேட்டரி எத்தனை, நிலக்கரி எத்தனை மூட்டை, கேஸ் எவ்வளவு மிச்சம், எல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கோடையில் சூரியத்தகடு போதும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், எஞ்சினை ஓட்டித்தான் பேட்டரி ஏற்ற வேண்டும், அதையும் இரவு எட்டுக்கு மேல் பக்கத்துப் படகுக்காரர் முன்னால் ஓட்ட முடியாது. கழிப்பறைப் பெட்டியை வாரத்துக்கு ஒருமுறை நீங்களே தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும், இதை யாரும் படத்தில் போட மாட்டார்கள். குளிர்காலத்தில் ஜன்னல், சுவர், மெத்தைக்கு அடியில் எல்லாம் ஈரம் கோக்கும். என் முதல் வருடத்தில் கட்டிலடியில் வைத்த அரிசி மூட்டை பூஞ்சை பிடித்து மொத்தமாகப் போனது. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த தோசைமாவு பொங்கியதே, இந்த நாட்டில் வேறெங்கும் அப்படிப் பொங்கிப் பார்த்ததில்லை.

ஓட்டுவது கஷ்டமில்லை, பழக்கம்தான். சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் முன்முனை வலப்பக்கம் திரும்பும், அதுவும் யோசித்து யோசித்துத் திரும்பும். பிரேக் கிடையாது, பின்கியர் போட்டு வேண்டிக்கொள்ள வேண்டும். வேக வரம்பு மணிக்கு நான்கு மைல், கரையில் நாயோடு நடப்பவர் உங்களைத் தாண்டிப் போவார். படகைத் தள்ளும் சுழலியில் பிளாஸ்டிக் பையும் பழைய சேலைத்துணியும் சுற்றும் (ஆமாம், சேலை, லெஸ்டர் பக்கம்), குளிர்ந்த தண்ணீரில் கையை விட்டு அறுத்தெடுக்க வேண்டும். உண்மையிலேயே ஆபத்தான இடம் லாக்கில் கீழே இறங்கும்போது. மேல்கதவுக்கு அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்மேடை நீட்டிக்கொண்டிருக்கும், படகின் பின்பகுதி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் இறங்க இறங்க முன்பகுதி மட்டும் சரியும், நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். எனக்கு ஒருமுறை பின்பக்கம் லேசாக உரசியது. மேலே நின்ற நண்பர் உடனே மதகை இறக்கிவிட்டார். அன்று முழுவதும் கை நடுங்கியது, அதற்குப் பிறகு லாக்கில் யாரோடும் பேசிக்கொண்டே சுக்கான் பிடித்ததில்லை.

இத்தனைக்கும் மேல் எது பிடித்தது என்றால், அக்கம்பக்கம். டீசலும் நிலக்கரியும் ஏற்றிக்கொண்டு விற்பனைப் படகு வரும், பழைய காலத்து மாதிரியே, ஓட்டுபவருக்கு என் அடுப்பு எத்தனை மூட்டை தின்னும் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். எஞ்சின் நின்றுவிட்டால் முன்பின் தெரியாதவர் கயிறு போட்டு இழுத்துப் போவார். லாக்கில் நின்று சும்மா வேடிக்கை பார்ப்பவருக்கென்றே இந்த மக்கள் 'கொங்கூஸ்லர்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், என் அம்மா ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் இருந்தபோது இரண்டே நாளில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, கரையில் நின்றவர்களை எல்லாம் கொங்கூஸ்லர் கொங்கூஸ்லர் என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்.

வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள். ஜூலையில் வேண்டாம், ஜூலையில் எல்லாப் படகும் நன்றாகத்தான் இருக்கும். மார்ச்சில், மழையில், அடுப்பு மூட்டத் தெரியாத ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு போங்கள். பர்மிங்காமுக்குத் தெற்கே டார்டிபிக் என்ற இடத்தில் தொடர்ச்சியாக 30 லாக் இருக்கின்றன, ஒரே நாளில் ஏறிவிட்டு அன்றிரவு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். லாக் திறக்கும் அந்த இரும்புக் கைப்பிடி இருக்கிறதே, விண்ட்லாஸ், அதை மட்டும் இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று முதல் நாளே தண்ணீருக்குள் போய்விடும்.